மயிலுக்கு முளைத்த கை

கனகலட்சுமிக்கு அந்தக் கம்பெனியில் ஜெராக்ஸ் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரில்லை, மெச்சி வைத்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. கேலி செய்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடலாம். மெச்சுகிறவர்களிடம் எந்த முகத்தோடு சண்டைக்குப் போவது?

ஒரகடம் போகும் சாலையில் இருக்கிற அந்தக் கம்பெனியில் காருக்கு ஹார்னஸ் செய்கிறார்கள். விளக்கு எரியவும் ஹாரன் அடிக்கவும் கண்ணாடி ஏறி இறங்கவும் காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் சேர்த்து, டேப் சுற்றிக் கொத்தாக்கி, அங்கங்கே கிளை பிரித்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் மாட்டினால் அதற்குப் பெயர் ஹார்னஸ். கார் வாங்குகிறவர் யாரும் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் மெக்கானிக் பார்ப்பார், அவரும் திட்டிக்கொண்டேதான் பார்ப்பார்.

அங்கே வருடா வருடம் ஆயுதபூஜைக்கு, லைன் என்று சொல்கிற வேலை வரிசைகளுக்குள் கோலப்போட்டி உண்டு. கேண்டீன் முன்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில் போட வேண்டும். கனகலட்சுமி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இரண்டாம் லைனுக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்தாள். மறு வருடமும் அவளேதான். போனில் ஒரு படத்தை எடுத்துவைத்துக்கொள்வாள். அதைப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். படத்தில் இலை எப்படி வளைந்திருக்கிறதோ தரையிலும் அப்படியே வளையும். படத்தில் ஒரு பூ கொஞ்சம் கோணலாக இருந்தால் அந்தக் கோணலும் தவறாமல் வந்துவிடும். "ஐயே, ஜெராக்ஸ் எடுத்த மாரியே கீதே" என்று லைன் லீடர் பெருந்தேவி வாயைப் பிளந்தாள். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

பெருந்தேவி மண்ணூர்க்காரி. நாற்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு கொத்துச்சாவி, கையில் ஒரு டேப் ரோல். எந்நேரமும் ஒரு கை இடுப்பில்தான் இருக்கும். அந்தக் கையை அவள் சாப்பிடும்போதாவது எடுப்பாளா என்று புதிதாக வரும் பெண்கள் கேண்டீனில் எட்டிப் பார்ப்பார்கள். எடுக்க மாட்டாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. தன் லைன் எதிலும் தோற்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வெறி. அதிலும் மூன்றாம் லைனிடம் தோற்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஜெராக்ஸு, இந்த வாட்டி இன்னா போடப் போற?" என்று ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மயிலுக்கா."

"மயிலா? தோகைய நல்லா பெருசா வுடு. மூணாவது வாட்டியும் நாமதான் அடிக்கிறோம். அவளுங்க வயிறு எரிஞ்சிகினே வூட்டுக்குப் போவணும்."

கனகலட்சுமி தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் அவள் தலைதான் ஆட்டுவாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் நாலு பெண்களோடு தங்கியிருந்தாள். அந்த நாலு பேரில் ஒருத்தியான மாரிசெல்வி, லைனிலும் அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றாள். மாரிசெல்வி பேசிப் பேசி மூச்சு வாங்கும் ஜாதி. இவளோ வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும் என்பதுபோல இருப்பாள். இரண்டு பேருக்கும் அதனாலேயே நன்றாக ஒத்துப்போயிற்று.

ஆனால் பேசாதவளுக்குக் கண் உண்டே. மாரிசெல்வி காலை ஷிப்ட்டில் கொட்டாவி விடும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்குவாள். ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இருக்கும். வாசல் செக்யூரிட்டி சுப்பராயலு நின்றுகொண்டே தூங்குவார். தூக்கத்திலும் சல்யூட் மட்டும் சரியாக அடிப்பார். எச்.ஆர். இளம்பரிதி சார் போனைக் குனிந்து பார்த்தபடியே நடந்து வருவார். கழுத்து ஒரு பக்கம் சாய, மாட்டியிருக்கிற அடையாள அட்டை இன்னொரு பக்கம் ஆடும். இவற்றையெல்லாம் அவள் தினமும் பார்த்தாள். பார்த்துச் சிரிப்பு வந்தால் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கும். திரும்பும்போது முகம் பழையபடி துடைத்துவைத்த தட்டாக இருக்கும். அவளுக்குச் சளி என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

ஜெராக்ஸ் என்ற பெயர் அவளுக்கு வலித்தது. சும்மா இல்லை, நன்றாகவே வலித்தது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வகுப்பில் பாதிப் பேருடைய விலங்கியல் ரெக்கார்டில் தவளையின் இதயத்தை வரைந்து கொடுத்தவள் அவள். எல்லாத் தவளைக்கும் ஒரே இதயம், அச்சு மாறாமல். எல்லாரும் மார்க் வாங்கினார்கள், இவளும் சந்தோஷப்பட்டாள். இங்கே வந்த பிறகு ஒரு நாள் அறையில் தனியாக இருந்தபோது, எதையும் பார்க்காமல் ஒன்று வரைந்து பார்ப்போமே என்று காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் பேனாவை வைத்தாள். பேனா நின்ற இடத்திலேயே நின்றது. மை ஊறி ஒரு பொட்டு பெரிதாகிக்கொண்டு போனதுதான் மிச்சம். கடைசியில் தாளைத் திருப்பி, முன்பக்கத்தில் இருந்த பிள்ளையாரைப் பார்த்து வரைந்தாள். பிள்ளையார் பிரமாதமாக வந்தார். அவளுக்குத்தான் அழுகை வந்தது. நமக்குள்ளே ஒன்றும் இல்லை போலிருக்கிறது, வெறும் கைதான் இருக்கிறது என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். அந்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாரிசெல்வி ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள், அதற்கு அழுவதே மேல்.

ஆயுதபூஜைக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போதே ரோட்டில் தண்ணீர் நின்றது. கேண்டீன் முன்னால் கோலம் போடுகிற தரையில் முழங்கால் அளவுக்குக் குளம். ஒரு தவளை அதில் நடுநாயகமாக மிதந்துகொண்டிருந்தது. தவளையைப் பார்த்ததும் கனகலட்சுமிக்குப் பழைய விலங்கியல் ரெக்கார்டு ஞாபகம் வந்தது.

ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பு இளம்பரிதி சார் எல்லாரையும் கூட்டி நிற்கவைத்தார். "பூஜை இந்த வருஷம் உள்ளதான். கோலமும் உள்ளதான், அவங்கவங்க லைன் முன்னாடி. சாப்பாட்டுக்கு அப்புறம் லைனை நிறுத்திடுவோம். ஆனா ரெண்டு விஷயம். கோலப்பொடி உள்ள வரக்கூடாது. போன வருஷம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

எல்லாருக்கும் தெரியும். போன வருடம் யாருடைய செருப்பிலோ ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த ஒரு சிட்டிகை ரோஸ் பொடி, ஒரு கனெக்டருக்குள் ஏறி உட்கார்ந்து, கார் கம்பெனி வரைக்கும் பயணம் போய்விட்டது. அந்த ஒரு சிட்டிகைக்காக மாதக்கணக்கில் மீட்டிங் போட்டார்கள்.

"அப்ப கோலத்த எதுல சார் போடறது?" என்று பெருந்தேவி கேட்டாள்.

"நம்ம கழிவு இருக்கே. வீணாப்போன ஒயர், உடைஞ்ச கனெக்டர், டேப், காலி அட்டைப்பெட்டி. சிவப்புப் பெட்டியில இருக்கறதை குவாலிட்டில சொல்லிட்டு எடுத்துக்கலாம். தலைப்பு, பாதுகாப்பு. அதுக்குத் தனி மார்க் உண்டு. ரெண்டாவது, போன் உள்ள வரக்கூடாது. அது எப்பவும் உள்ள ரூல்தான்." இதைச் சொல்லும்போதும் அவர் தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகலட்சுமியின் போன் வாசலில் லாக்கருக்குள் இருந்தது. மயிலும் அதற்குள்தான் இருந்தது.

"ஏட்டி, படம் இல்லாம என்ன செய்வ?" என்று மாரிசெல்வி காதோடு கேட்டாள்.

"தெரியலட்டி."

"மனசுக்குள்ள இருக்குல்லா. ஒரு மாசமா அதத்தான பாத்துக்கிட்டு இருந்த?"

மனசுக்குள் தேடிப் பார்த்தாள். மயில் இருந்தது, ஆனால் அசையாமல் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கழுத்து எங்கே முடிந்து உடம்பு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் தெரியவில்லை. காலை முழுவதும் அவள் கை ஒயரைப் பிடித்தது, மனசு மயிலைப் பிடிக்க ஓடியது, அது பிடிகொடுக்கவில்லை. இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடப் போகிறது, ஜெராக்ஸ் மெஷினில் தாள் வைக்காவிட்டால் வெள்ளைத் தாள்தான் வரும் என்று. அந்தப் பயத்தில் மத்தியானம் வடை பாயசத்தோடு போட்ட சாப்பாடு அவளுக்கு மண்ணாக இருந்தது. மாரிசெல்வி அந்த வடையையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு லைன் நின்றது. இயந்திரங்களுக்குச் சந்தனப்பொட்டு வைக்க ஒரு கூட்டம் போயிற்று, பூசணிக்காயைத் தூக்கிவர ஒரு கூட்டம் போயிற்று. சந்தனப்பொட்டும் ஸ்டிக்கர்தான், பொடி உதிரக்கூடாதே. பெருந்தேவி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் அகலமாக விரித்தாள். சிவப்புப் பெட்டியிலிருந்து ஒயரும் கனெக்டரும் மலையாக வந்து விழுந்தன. நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு என்று இல்லாத நிறமில்லை.

"ஆரம்பி ஜெராக்ஸு. மூணாவது லைன்ல ஹெல்மெட் போடறாளுங்களாம். போட்டுக்கினு போவட்டும். நம்ம மயிலு முன்னால ஹெல்மெட் இன்னா ஆவும்?" என்று சொல்லிவிட்டு, பெருந்தேவி மூன்றாம் லைனை வேவு பார்க்கப் போய்விட்டாள்.

கனகலட்சுமி மண்டியிட்டு உட்கார்ந்து நீல ஒயர்களை எடுத்தாள். மயில் கழுத்துக்கு வளைத்துவைத்தாள். ஒயர் சுருளில் கிடந்து பழகியது, வைத்த இடத்தில் இருக்காமல் துள்ளி எழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி எழுந்தது. அந்தப் பக்கம் மூன்றாம் லைன் ஹெல்மெட் வட்டமாக வளர்ந்துகொண்டிருந்தது. கழுத்து இப்படித்தான் வளையுமா, அல்லது அந்தப் பக்கமா? கண்ணை மூடித் தேடினாள். மயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்று இவளை வேடிக்கை பார்த்தது.

மனசு மயிலைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஹார்னஸ் கட்டுகிற கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒயர் நுனியைக் கனெக்டருக்குள் குத்த வேண்டும், கிளிக் என்ற சத்தத்தைக் கேட்க வேண்டும், இழுத்துப் பார்க்க வேண்டும். குத்து, கேளு, இழு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி ஏற்றிய பாடம் அது. பஸ்ஸில் தூங்கும்போதுகூட அந்தப் பெண்களின் விரல் அதைத்தான் செய்யும். கனகலட்சுமியின் விரல் அலகுக்காக எடுத்துவைத்திருந்த வெள்ளைக் கனெக்டரை எடுத்தது, குத்தியது, கிளிக் என்றது, இழுத்துப் பார்த்தது. பிறகு டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றியது. சுற்றிக்கொண்டே வந்து, இந்த இடத்தில் கிளை என்று இரண்டு ஒயரை வெளியே விட்டது. கீழே வந்து இன்னும் இரண்டு கிளை. அவள் கண்ணைத் திறந்து பார்த்தபோது மயிலைக் காணோம். ஒரு ஹார்னஸ் கிடந்தது.

அவளுக்குத் திக்கென்றது. கனெக்டரை இழுத்துப் பார்த்தாள். வருமா? வரக்கூடாது என்றுதானே அதைச் செய்கிறார்கள். டேப்பைப் பிரிக்கப் பார்த்தாள், ஒயரோடு சேர்ந்து வந்தது. ஒரு கிளை மடங்கிப்போய் நடு உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை விடுவிக்க இழுத்தாள், அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"இன்னாடி இது?" என்று தலைக்கு மேல் குரல் கேட்டது. பெருந்தேவி திரும்பி வந்திருந்தாள். "மயிலு எங்கடி? இன்னாது இது, கையி காலெல்லாம் மொளச்சிகினு?"

மாரிசெல்வி கீழே கிடந்ததைப் பார்த்தாள். நிமிர்ந்து பெருந்தேவியைப் பார்த்தாள். மறுபடி கீழே பார்த்தாள். ஒல்லிக் கழுத்து, கொஞ்சம் முன்னால் நீட்டிய தலை, இடுப்பில் மடங்கி ஒட்டிய ஒரு கை. மேலேயும் அதேதான் நின்றது.

"அக்கா," என்றாள் மாரிசெல்வி, வாயைப் பொத்திக்கொண்டு. "இது நீங்கதாம்க்கா."

சுற்றியிருந்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பெருந்தேவியின் வாய்க்குப் பயப்படாதவர் அந்த லைனில் கிடையாது. அவள் குனிந்து பார்த்தாள். இடுப்பிலிருந்த கையை மெல்ல எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டிப் பார்த்தாள், பின்னால் விட்டுப் பார்த்தாள், கடைசியில் அது தானாகவே இடுப்புக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"நான் இப்டியாடி நிக்கிறேன்?" என்று கேட்டாள்.

மறுபடி குனிந்து பார்த்தாள்.

"எனுக்கு இடுப்பு இவ்ளோ பெருசாவா கீது?"

கனகலட்சுமி கீழே கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் என்னவோ கிளிக் என்றது. இது யாருடைய படமும் இல்லை. எந்தப் போனிலும் இது இல்லை. ஆனால் இந்த நிற்பு அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும், கண்ணை மூடினாலும் தெரியும். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சுவர் தூரத்தில் இருந்தது, திரும்பிக்கொள்ள வழியில்லை.

"இடுப்பு பெரிசில்லக்கா," என்றாள். "கொத்துச்சாவி இருக்குல்லா, அதான் அப்படித் தெரியுது."

சொல்லிவிட்டு, ஒயர் நுனியில் பொருத்துகிற செம்பு டெர்மினல்களில் ஒரு பிடி எடுத்து, நூல் மாதிரி மெல்லிய ஒயரில் கோத்து, அந்தக் கை மடங்கிய இடத்தில் தொங்கவிட்டாள். கூடவே ஒரு தீர்ந்த டேப் ரோலின் வளையத்தை இன்னொரு கையில் மாட்டினாள். சாவிக்கொத்து வந்ததும் ஒயர் பெருந்தேவிக்கு உயிரே வந்துவிட்டது. லைன் முழுக்க ஒரே சிரிப்பு. பெருந்தேவி எல்லாரையும் முறைத்துப் பார்த்தாள். முறைத்த முகம் அப்படியே நிற்கவில்லை, உதட்டோரம் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அவளுக்குப் போட்டி ஞாபகம் வந்தது. "செரி செரி. நேரமாவுது. இத்த ஓரமா வெச்சிட்டு மயிலப் போடு."

"மயில் வேண்டாம்க்கா," என்றாள் கனகலட்சுமி.

அவள் வேண்டாம் என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. மாரிசெல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாமா? இன்னாடி சொல்ற? ஜெயிக்க வேணாமா?"

"எனக்கு மயிலத் தெரியாதுக்கா. மயில நான் பாத்ததே போன்லதான். ஒங்களத்தான் தெனமும் பாக்கேன். எல்லாரையும் பாக்கேன். அவங்களப் போடுதேன்."

பெருந்தேவி மூன்றாம் லைன் ஹெல்மெட்டை ஒரு தடவை பார்த்தாள். தன் லைன் பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, "இன்னாவோ பண்ணு, நல்லா பண்ணு" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வைத்ததும் ஞாபகம் வந்து எடுத்தாள்.

பிறகு நடந்ததை இரண்டாம் லைன்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கனகலட்சுமியின் கை நிற்கவே இல்லை. பழுப்பு ஒயரில் ஓர் உடம்பு, மஞ்சள் கனெக்டரில் அகலமாகத் திறந்த வாய், தலைக்கு மேலே தூக்கிய ஒரு கை. "ஏட்டி, இது நானா?" என்று மாரிசெல்வி கத்தும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்து, கை தானாக மேலே போயிற்று. சுப்பராயலுவை ஒரு பெரிய அட்டைமேல் சாய்த்துவைத்தாள். கண்ணுக்கு மூடி போட்ட கனெக்டர், நெற்றியில் விறைப்பாக ஒரு சல்யூட். குனிந்து குனிந்து நடக்கிற குவாலிட்டிக்காரர், காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு டீ வரும் திசையையே பார்க்கிற கடைசி மேசைப் பெண், சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவரை அடிக்கிறவள், அடி வாங்குகிறவள். ஒவ்வொருவரும் வர வர, அவரவர் கண்டுபிடித்து அலறினார்கள். ஒயர் எடுத்துக்கொடுக்கவும் டேப் கிழித்துக்கொடுக்கவும் போட்டி வந்தது. இவளுக்குத் தன்னைச் சுற்றி ஆள் நிற்பதே தெரியவில்லை. என்ன வரும் என்று யோசிக்கவில்லை, வருவதை வாங்கி வைத்துக்கொண்டே போனாள். அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் விரல் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து மாரிசெல்வியும் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குக் கோலம் என்றால் ஆகாது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியாகக் கனகலட்சுமி கறுப்பு ஒயரை எடுத்தாள். ஓர் உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து, எதிர்ப்பக்கம் ஆடுகிற ஓர் அட்டை, கையில் ஒரு சதுர மூடி. பார்த்தவுடன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அது இளம்பரிதி சார். கையில் இருந்தது போன்.

"அடிப்பாவி, அவருதான்டி மார்க் போடறவரு," என்றாள் பெருந்தேவி.

"அதுக்காக அவர விட முடியுமாக்கா? அவரு மட்டும் இல்லன்னா வருத்தப்படுவாருல்லா."

எடுக்க நேரமும் இல்லை. இளம்பரிதி சார் அங்கேயே வந்துகொண்டிருந்தார், போனைப் பார்த்தபடி.

முதல் லைனைப் பார்த்தார். மூன்றாம் லைன் ஹெல்மெட்டைப் பார்த்தார். நல்ல ஹெல்மெட்தான், அதன் கீழே 'பாதுகாப்பே முதல்' என்று சிவப்பு ஒயரில் எழுதியும் இருந்தார்கள். பிறகு இரண்டாம் லைன் முன்னால் வந்து நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் கறுப்பு உருவத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். அடையாள அட்டை எதிர்ப்பக்கம் ஆடியது. யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் களுக் என்றாள்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். அதைச் சட்டைப்பைக்குள் போட்டார். இரண்டு வருடத்தில் அவர் முழு முகத்தையும் அன்றைக்குத்தான் பலர் நேராகப் பார்த்தார்கள். அவருக்கு மீசை இருப்பது மாரிசெல்விக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் கழுத்து இவ்வளவா சாயும்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கம்மியாத்தான் சார் வச்சிருக்கேன்," என்றாள் கனகலட்சுமி.

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் அந்த ஷெட்டே சிரித்தது.

பரிசு மூன்றாம் லைனுக்குத்தான் போயிற்று. பாதுகாப்புக்குத் தனி மார்க் என்று முன்பே சொன்னதுதானே. எவர்சில்வர் டிபன் கேரியரை அவர்கள் வாங்கும்போது பெருந்தேவி நாலு வார்த்தை முணுமுணுத்தாள். ஆனால் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்த பிறகு பார்த்தால், டிபன் கேரியர் வாங்கிய மூன்றாம் லைன்காரிகள் எல்லாரும் இரண்டாம் லைன் முன்னால்தான் நின்றார்கள். ஹெல்மெட் தனியாகக் கிடந்தது. மத்தியான ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் வேறு நெருக்கியடித்துக்கொண்டு, இது இன்னார் அது இன்னார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். சுப்பராயலு வாசலை விட்டுவிட்டு வந்து, தன்னைத் தானே பார்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். பெருந்தேவி தன் உருவத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, வருகிறவர்களிடம், "இது யாரு சொல்லு பாக்கலாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் இருக்காங்க. போட்டவ எங்க?" என்று ஒரு மூன்றாம் லைன் பெண் கேட்டாள்.

கனகலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை அவள் போடவே இல்லை. நின்று பார்க்கிறவளுக்குத் தான் எப்படித் தெரிவோம் என்று எப்படித் தெரியும்?

"இருக்கா. ஓரத்துல பாருங்க," என்றாள் மாரிசெல்வி.

அட்டையின் ஓரத்தில், பச்சை ஒயரில் கோணல் மாணலாக ஓர் உருவம் இருந்தது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. மாரிசெல்வியின் கைவேலை என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த உருவம் மற்ற எல்லாருக்கும் முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. தோளில் மட்டும் இரண்டு சுருள் ஒயரை ஸ்பிரிங் மாதிரி வைத்திருந்தாள். தொட்டால் குலுங்கியது.

கனகலட்சுமி அதைத் தொட்டாள். தோள் குலுங்கியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னையும் ஒருத்தி இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சளின்னுல்லா எல்லாரும் சொன்னாவ," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

"எனக்குத் தெரியாதாட்டி?" என்றாள் மாரிசெல்வி.

அப்போது இளம்பரிதி சார் மறுபடி வந்தார். போன் சட்டைப்பையிலேயே இருந்தது. "இங்க பாரும்மா கனகலட்சுமி, இது ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த மாசம் வெளியில இருந்து ஆளுங்க வராங்க. முன்னாடி ரிசப்ஷன்ல வைக்கிறதுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்துடு. அச்சு அசல் இதே மாதிரி."

"அத்தெல்லாம் செஞ்சிடுவா சார்," என்று பெருந்தேவி முந்திக்கொண்டாள். "நம்ம ஜெராக்ஸ் ஆச்சே."

கனகலட்சுமி தரையில் கிடந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். சாவிக்கொத்து, கொட்டாவி, சல்யூட், சாய்ந்த கழுத்து. இனி ஒரு தடவை இதே பெருந்தேவி வருவாளா என்று மனசுக்குள் தேடினாள். வேறு ஒரு பெருந்தேவி வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவள். அவளுக்குப் பின்னால் போனைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிற ஒருவர் வந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"இதே மாதிரி வராது சார்," என்றாள். "வேற வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எல்லாரையும் பார்த்துக்கொண்டு, பல் தெரிய, சத்தமாகவே சிரித்தாள். ஒரு பக்கக் கடைவாய்ப்பல் கொஞ்சம் தூக்கலாக இருப்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.